சிறைக்குள் கணினி வகுப்பு: முதன்முதலாகத் தொடங்குபவர்களுக்கு

தமிழ்நாட்டுச் சிறைகளில் கணினியும் டிஜிட்டல் பழக்கமும் சொல்லிக்கொடுக்க ஆசைப்படும் ஆசிரியர்கள், கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டக் குழுக்கள், தொண்டு நிறுவனத்தார், ஓய்வுபெற்ற ஊழியர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். இந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும் "எத்தனை கம்ப்யூட்டர் வாங்கித் தரலாம்?" என்றுதான் ஆரம்பிக்கும். அதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு வேறொன்றை யோசித்துப் பாருங்கள். படிக்கிறவர் சிறை வாசலைத் தாண்டி வெளியே வரும் அன்றைக்கு அவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

2014-ல் உள்ளே போனவர் ஒருவர் இப்போது விடுதலையாகிறார் என்று வையுங்கள். யூபிஐ வந்ததே 2016-ல். அவர் போகும்போது டீக்கடையில் சில்லறை கொடுத்தார்கள், இன்றைக்கு கியூஆர் அட்டை தொங்குகிறது. வேலை கேட்டுப் போனால் "வாட்ஸ்அப்பில் ஆதார் அனுப்புங்க" என்கிறார்கள். வங்கியில் எதைக் கேட்டாலும் ஓடிபி. உள்ளே செல்பேசி வைத்திருப்பதே குற்றம் என்பதால் இவை எதையும் அவர் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார். வெளியே வந்த முதல் வாரத்தில் இப்படி ஒவ்வோர் இடத்திலும் தடுமாறும் மனிதர், எல்லாம் தெரிந்த பழைய கூட்டாளியிடம்தான் உதவிக்குப் போய் நிற்பார். வகுப்பு தேவைப்படுவது அதற்காகத்தான்.

முதலில், யாருக்கு வகுப்பு?

சிறைவாசிகள் எல்லாரும் ஒரே மாதிரி மாணவர்கள் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்குத் தண்டனையே விதிக்கப்படவில்லை. அவர்கள் எப்போது ஜாமீனில் போவார்கள் என்பது யாருக்கும் தெரியாது. திங்கள்கிழமை உட்கார்ந்திருந்தவர் புதன்கிழமை வாய்தாவுக்குப் போயிருப்பார், வெள்ளிக்கிழமை வீட்டுக்கே போயிருப்பார். ஆறு மாதப் பாடத்திட்டம் அவர்களிடம் எடுபடாது. ஒவ்வொரு வகுப்பும் தனக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும். ஒரே ஒரு நாள் வந்து போனவரும் ஒரு வேலையைச் செய்யக் கற்றுக்கொண்டு போக வேண்டும்.

தண்டனைக் கைதிகள் கதை வேறு. அவர்களுக்கு நாள் நிறைய இருக்கிறது, ஆனால் பகலில் வேலை இருக்கிறது. நெசவு, தையல், பேக்கரி என்று ஏதாவது தொழிற்கூடத்தில் இருப்பார்கள். வகுப்புக்காக வேலையை விட்டால் கூலி போகும். அந்தக் கூலியிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவரிடம் "படிப்பு முக்கியம்" என்று பேசுவது நியாயமே இல்லை. வேலை நேரத்துக்கும் மாலையில் அறைக்குள் அடைக்கும் லாக்கப் நேரத்துக்கும் நடுவே கிடைக்கும் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால், வகுப்பு நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிட முடியுமா என்று நிர்வாகத்திடம் பேசிப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் ஒன்பது மத்திய சிறைகள் இருக்கின்றன: புழலில் இரண்டு, வேலூர், கடலூர், சேலம், கோவை, திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை. புழலிலேயே ஒன்று தண்டனைக் கைதிகளுக்கு, இன்னொன்று விசாரணைக் கைதிகளுக்கு. இவை தவிரப் பெண்களுக்கான தனிச் சிறைகளும், 18 முதல் 21 வயது இளைஞர்களுக்கான பார்ஸ்டல் பள்ளிகளும் உண்டு. உதவி செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள் இருக்கும் பெரிய சிறைக்கே போகிறார்கள். உங்களால் முடிந்தால் பெண்கள் சிறையிலிருந்து தொடங்குங்கள். அங்கே ஆட்கள் குறைவு, ஒவ்வொருவரையும் கவனிக்க முடியும். ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் தாயோடு உள்ளே இருக்கலாம் என்பதால், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்து வகுப்பை வையுங்கள். இதைக் கவனிக்காமல் நேரம் குறித்தால் தாய்மார்கள் வரவே மாட்டார்கள், நாமும் "ஆர்வமில்லை" என்று தப்பாக எழுதிவிடுவோம்.

அனுமதி வாங்குவது

சிறை என்பது அரசமைப்பின்படி மாநிலப் பட்டியலில் வரும் விஷயம். அதனால் உங்கள் கோரிக்கை போக வேண்டிய இடம் தமிழ்நாடு அரசின் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை. ஒன்றிய உள்துறை அமைச்சகம் 2016-ல் வெளியிட்ட மாதிரிச் சிறைக் கையேடு கல்விக்கென்று தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறது. சிறைவாசிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் அவை 2015-ல் ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகளில் 104-ஆவது விதி, பயன்பெறக்கூடிய எல்லாச் சிறைவாசிகளுக்கும் கல்வி தர ஏற்பாடு வேண்டும் என்கிறது. இந்த இரண்டையும் கடிதத்தில் ஒரு வரியில் குறிப்பிடுங்கள், போதும். நீளமாக எழுதினால் படிக்க மாட்டார்கள்.

அதைவிட முக்கியமாகக் கடிதத்தில் இருக்க வேண்டியவை வேறு. என்ன கருவி, எத்தனை, அதில் இணையம் கிடையாது, வைஃபை கிடையாது, யார் யார் உள்ளே வருவோம், அவர்களுடைய அடையாள ஆவணம் எது, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, கருவி யார் பொறுப்பில் இருக்கும், பழுதானால் யார் சரிசெய்வது. கண்காணிப்பாளருக்கு இருக்கும் ஒரே கவலை பாதுகாப்பு. அந்தக் கவலைக்கு நீங்களே முதலில் பதில் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கடிதம் கொடுப்பதற்கு முன் அந்தச் சிறையின் நல அலுவலரைப் போய்ப் பாருங்கள். உள்ளே யார் படிக்கிறார்கள், யார் ஏற்கெனவே ஆசிரியர் வேலை பார்த்தவர், எந்த அறை பகலில் காலியாக இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். சிறைப் பள்ளி ஆசிரியர் இருந்தால் அவரையும் பாருங்கள். உங்கள் வகுப்பு அவருடைய வேலையைப் பிடுங்குவது போல் தோன்றிவிடக் கூடாது. அப்புறம், காவலர்களுக்கும் சில இடங்களை ஒதுக்குங்கள். அவர்களில் பலருக்கும் எக்செல் கற்றுக்கொள்ள ஆசை இருக்கும். தன் நண்பர் படிக்கிற வகுப்பு என்றால், வகுப்புக்கு ஆட்களை நேரத்துக்கு அழைத்து வருவதில் காவலர் காட்டும் அக்கறையே வேறாக இருக்கும்.

இணையம் இல்லாமல் இணையக் கல்வி

இங்கேதான் புதியவர்கள் தயங்கி நிற்கிறார்கள். இணையம் இல்லாமல் எப்படி இ-லேர்னிங்? நன்றாகவே நடத்தலாம். வெளியே பதிவிறக்கி, ஒரு சிறிய சர்வரில், அதாவது மற்ற கணினிகளுக்குப் பாடங்களைத் தரும் மையக் கணினியில் போட்டு, உள்ளே இருக்கும் கணினிகளோடு கேபிளில் இணைத்துவிட்டால் மாணவருக்கு வலைத்தளம் பார்ப்பது போலவே இருக்கும்.

சர்வர் என்றதும் பெரிய பெட்டியை நினைக்க வேண்டாம். ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி போதும், அல்லது பழைய மேசைக் கணினி ஒன்று. ராஸ்பெரி பையில் வைஃபையும் புளூடூத்தும் உள்ளேயே இருக்கும். அமைப்புக் கோப்பில் இரண்டு வரி சேர்த்தால் இரண்டும் அணைந்துவிடும். அணைத்ததை அதிகாரி முன்னிலையில் காட்டி, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வைஃபை உள்ள கருவியே ஆகாது என்று அதிகாரி சொன்னால் வைஃபை சில்லே இல்லாத பழைய கணினியைப் பயன்படுத்துங்கள்.

சர்வரில் போட வேண்டிய முதல் மென்பொருள் கோலிப்ரி. இணையம் இல்லாத இடங்களுக்கென்றே லேர்னிங் ஈக்வாலிட்டி என்ற அமைப்பு இலவசமாகத் தருவது. ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கணக்கு, ஆசிரியர் வைக்கும் சிறு தேர்வு, யார் எந்தப் பாடம் வரை வந்திருக்கிறார் என்ற கணக்கு எல்லாம் அதில் உண்டு. இதற்கு முன்னோடியாக அவர்கள் உருவாக்கிய கேஏ லைட் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலச் சிறைகளில் பயன்பட்டது. நாமே தயாரித்த தமிழ் வீடியோக்களையும் பிடிஎஃப்களையும் கோலிப்ரியில் சேர்க்கலாம் என்பது நமக்குப் பெரிய வசதி.

இரண்டாவது கிவிக்ஸ். முழுத் தமிழ் விக்கிப்பீடியாவையும் ஒரே கோப்பாக இறக்கி இணையமின்றிப் படிக்க வைக்கும். வகுப்பு முடிந்த பிறகும் எழுந்திருக்க மனமில்லாமல் தன் ஊர்ப் பெயரைத் தட்டிப் பார்க்கிறவர்களை இது உருவாக்கும். தேடுவது எப்படி என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கணினிப் பாடத்துக்கு ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் இருக்கிறது. கடிதம், அட்டவணை எல்லாம் செய்ய உதவும் லிப்ரே ஆபீஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களைப் பத்து நிமிட அளவிலான வீடியோக்களில், தமிழ்க் குரலில் சொல்லித்தருகிறார்கள். வீடியோவை நிறுத்தி, தானே செய்துபார்த்து, மறுபடி ஓடவிடும் முறை. விட்டுவிட்டு வரும் மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது. பள்ளிப் பாடத்துக்குத் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பிடிஎஃப் நூல்களும் 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் வீடியோக்களும் இருக்கின்றன. தொலைக்காட்சி மட்டுமே உள்ள பிளாக்குகளில் (சிறைக் கட்டடப் பிரிவுகளில்), ஸ்வயம் பிரபா என்ற ஒன்றிய அரசின் டிடிஎச் கல்விச் சானல்களை வரவைக்க முடியுமா என்று கேளுங்கள். அதற்குக் கணினியே வேண்டாம்.

மாணவர் கணினிகளில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போடுவது நல்லது. உரிமக் கட்டணம் இல்லை, பழைய கணினியிலும் ஓடும், மாணவர் கணக்குக்கு எதைச் செய்ய அனுமதி என்பதைக் கட்டுப்படுத்தலாம். யூஎஸ்பி துளைகளை அடைத்துவிடுங்கள். புதிய பாடம் கொண்டுவரும் பென் டிரைவ் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். அதில் என்ன இருக்கிறது என்ற பட்டியலோடு வாசலில் கொடுத்து, அதிகாரி பார்த்து, பதிவேட்டில் ஏறி, போகும்போது திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கம் ஆரம்பத்திலிருந்தே வேண்டும். இதில் ஒருமுறை அவசரப்பட்டால் வகுப்பே மூடப்படும், அதோடு அடுத்த பல வருடங்களுக்கு யாருக்கும் அனுமதி கிடைக்காது.

மின்சாரம் போனால் தாங்க யூபிஎஸ், மின்விசிறி, நல்ல நாற்காலி. இவற்றுக்கும் பணம் ஒதுக்குங்கள். ஒரு கணினிக்கு இரண்டு பேர் என்பது நல்ல கணக்கு. ஒருவர் செய்வார், இன்னொருவர் பார்த்துச் சொல்வார், பிறகு மாறிக்கொள்வார்கள்.

முதல் சில வகுப்புகள்

மவுஸைப் பிடிக்கக் கை நடுங்கும். தொட்டால் கெட்டுவிடுமோ, கெட்டால் தண்டனை வருமோ என்ற பயம் அது. முதல் நாளே "இதில் நீங்கள் என்ன அழுத்தினாலும் கெடாது" என்று சொல்லி, அதை நிரூபிக்க நீங்களே கண்டபடி அழுத்திக் காட்டுங்கள். பிறகு சீட்டு விளையாட்டு ஒன்றைத் திறந்து கொடுங்கள். மவுஸைக் கையில் பழக்கப்படுத்த அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. நேரத்தை வீணாக்குவதாக அதிகாரிகள் நினைப்பார்கள், எதற்காக என்று முன்பே சொல்லிவையுங்கள்.

அடுத்தது தமிழ்த் தட்டச்சு. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறையைத் தொடக்கத்தில் சொல்லிக்கொடுக்காதீர்கள். ஆங்கில எழுத்துத் தெரியாதவர் அங்கேயே நின்றுவிடுவார். அரசு 1999-ல் தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையில், தமிழ் எழுத்து தெரிந்தாலே போதும். உயிரெழுத்துகள் இடது கைக்கும் மெய்யெழுத்துகள் வலது கைக்கும் பெரும்பாலும் பிரிந்திருக்கும். விசைகளில் ஒட்டத் தமிழ் ஸ்டிக்கர் கிடைக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு. அரசுத் தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் தட்டச்சு இளநிலை, முதுநிலைத் தேர்வை எழுதப் போகிறவருக்குப் பழைய தட்டச்சுப்பொறி விசையமைப்பு வேண்டும். அவரைத் தொடக்கத்திலேயே அந்த அமைப்பில் பழக்குங்கள், நடுவில் மாற்றுவது கொடுமை.

எதைத் தட்டச்சு செய்வது? "அ ஆ இ ஈ" பயிற்சித்தாளை அடிக்கச் சொன்னால் இரண்டே நாளில் அலுத்துவிடும். வீட்டுக்கு ஒரு கடிதம் அடிக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு, பிள்ளைக்கு. அடித்ததை அச்செடுத்து, சிறையின் வழக்கமான கடித வழியில், தணிக்கை முடிந்து போகட்டும். விசாரணைக் கைதிகளுக்கு அடுத்த பயிற்சி தங்கள் வழக்கு விவரத்தைத் தாங்களே அட்டவணையாக்குவது: வழக்கு எண், நீதிமன்றம், கைதான தேதி, அடுத்த வாய்தா, எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் 16 இடங்கள் கொண்ட சிஎன்ஆர் எண் (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்). அந்த எண் இருந்தால் நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வீட்டுக்காரர்கள் வழக்கின் நிலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். மனு பார்க்க, அதாவது சிறைவாசியைச் சந்திக்க, அவர்கள் வரும்போது அந்தச் சீட்டை அனுமதியோடு கொடுத்தனுப்பலாம்.

கைதாகி எத்தனை நாள் ஆயிற்று என்பதை லிப்ரே ஆபீஸில் எக்செல் போலவே இருக்கும் கால்க்கில் தேதி கழித்துப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதி அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் பிணையில் விடுவிக்க வழி செய்கிறது. மற்றவர்களுக்கு இது பாதி. விதிவிலக்குகள் உண்டு: ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் இருப்பது போன்றவை. அதனால் சட்ட ஆலோசனை நாம் சொல்லக் கூடாது. கணக்கைப் போட்டதும் அந்தத் தாளோடு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞரிடம் அனுப்புங்கள். கழித்தல் சூத்திரத்தின் அருமையை இந்த மாணவர்கள் அளவுக்கு உணரக்கூடியவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

படிக்கவே தெரியாதவர்களை ஒதுக்கிவிடாதீர்கள். ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பழகும் பாடங்களிலிருந்து தொடங்கி, திரையில் எழுத்தைப் பார்த்துப் பார்த்து அடிக்க வைத்தால் எழுத்தறிவும் கூடவே வரும். பேனா பிடிக்க வெட்கப்படும் ஐம்பது வயதுக்காரர் விசைப்பலகையில் வெட்கப்படுவதில்லை. எல்லாரும் அங்கே புதியவர்கள்தானே.

உட்காரவைப்பதில் ஒன்றைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். பிளாக் வாரியாக வகுப்பு பிரித்தால் வசதி என்பார்கள். அந்த பிளாக்குகள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறைகளில் சாதியை வைத்து வேலையையும் இடத்தையும் பிரிப்பது அரசமைப்புக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. பாளையங்கோட்டைச் சிறையின் நிலையும் அந்த வழக்கில் பேசப்பட்டது. ஒரு கணினி முன்னால் தோளோடு தோள் உட்காரும் இரண்டு பேரை வருகைப் பதிவேட்டு வரிசைப்படி சேர்த்துவிடுங்கள். சண்டை வரும் என்று பயமுறுத்துவார்கள். உண்மையான முன்பகை இருக்கும் ஓரிருவரை மட்டும் நிர்வாகத்திடம் கேட்டுத் தனித்தனி நேரத்தில் போட்டால் போதும்.

சில வாரங்களில் இரண்டு மூன்று பேர் முன்னே போய்விடுவார்கள். நீண்ட தண்டனைக்காரர்களில் பொறுமையானவர்களைப் பார்த்துத் துணை ஆசிரியராக்குங்கள். நீங்கள் வராத நாட்களிலும் வகுப்பு நடப்பது இவர்களால்தான். ஆனால் வருகைப் பதிவு, யார் வகுப்பில் சேரலாம் என்பது, மதிப்பெண் ஆகிய மூன்றும் அவர்கள் கையில் இருக்கக் கூடாது. சிறைக்குள் சின்ன அதிகாரம்கூடப் பீடிக்கும் சோப்புக்கும் பண்டமாற்றாகிவிடும்.

செல்பேசி இல்லாமல் செல்பேசி

வெளியே போனதும் அவர்கள் கையில் எடுக்கப்போவது மவுஸ் இல்லை, ஸ்மார்ட்போன். அதை உள்ளே கொண்டுபோக முடியாது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. பணம் அனுப்பும் செயலியின் ஒவ்வொரு திரையையும் படமாக எடுத்து, லிப்ரே ஆபீஸில் பவர்பாயின்ட் போல இருக்கும் இம்ப்ரெஸ்ஸில் ஒரு பக்கத்துக்கு ஒரு படமாக வையுங்கள். பொத்தான் இருக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் வரைந்து, அடுத்த பக்கத்துக்கு இணைப்பு கொடுங்கள். இப்போது மாணவர் "பே" என்பதைத் தொட்டால் தொகை கேட்கும் பக்கம் வரும், அதன் பிறகு ரகசிய எண் பக்கம். தப்பான இடத்தைத் தொட்டால் "பணம் போய்விட்டது" என்ற பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். படங்களில் உண்மையான பெயரோ எண்ணோ இல்லாமல் அழித்துவிடுங்கள். இதே முறையில் ஆவணங்களைச் சேமிக்கும் டிஜிலாக்கர், ரயில் டிக்கெட், வாட்ஸ்அப், தமிழ்நாடு தனியார் துறை வேலைவாய்ப்புத் தளம் எல்லாவற்றையும் செய்யலாம். தயாரிக்க ஒரு வார இறுதி போதும், வருடக்கணக்கில் பயன்படும். சிறைத்துறை நடத்தும் ஃப்ரீடம் பெட்ரோல் பங்குகளிலும் சிறை அங்காடிகளிலும் வேலை செய்யப் போகிறவர்களுக்கு கியூஆர் வசூல், கார்டு இயந்திரம், கணக்கு முடிப்பது ஆகியவற்றையும் சேர்த்துவிடுங்கள்.

மோசடிப் பாடத்தை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். ஓடிபியைச் சொல்லக் கூடாது, பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை, போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பில் மிரட்டும் "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று சட்டத்தில் எதுவும் கிடையாது, ஏமாந்தால் உடனே இணைய மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். இதெல்லாம் எல்லாருக்கும் பொது. சிறையிலிருந்து வருகிறவருக்குத் தனியாக ஓர் ஆபத்து உண்டு: வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பார்கள். "உன் அக்கவுன்ட்ல பணம் வரும், எடுத்துக் குடு, கமிஷன் உண்டு" என்று வருவார்கள். அது மோசடிப் பணம். கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவரைத்தான் போலீஸ் முதலில் தேடும், ஏற்கெனவே வழக்கு உள்ளவர் என்றால் யாரும் அவர் பேச்சைக் கேட்க மாட்டார்கள். இதை ஒரு முழு வகுப்பாக, நாடகம் போல நடித்தே காட்டுங்கள்.

சான்றிதழ்

வெளியே மதிப்புள்ள சான்றிதழாக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளைச் சிறைவாசிகள் தனித்தேர்வர்களாக ஆண்டுதோறும் எழுதுகிறார்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியும் ஒரு வழி. இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சிறைவாசிகளுக்குக் கட்டணமில்லாமல் படிப்பு தருகிறது. திகார் சிறையில் 1994-லேயே அதன் படிப்பு மையம் வந்துவிட்டது. திருச்சி மத்திய சிறையில் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. கணினிக்கு, தொழில்நுட்பக் கல்வித் துறையின் அலுவலகத் தானியக்கச் சான்றிதழ்த் தேர்வு நல்ல இலக்கு. பல வேலைகளுக்கு அதைக் கேட்கிறார்கள். உங்கள் அமைப்பே அச்சடித்துக் கொடுக்கும் பங்கேற்புச் சான்றிதழ் மனத்துக்குச் சந்தோஷம் தரும், வேலை தராது. அதையும் கொடுங்கள், ஆனால் அதில் சிறையின் பெயரோ முகவரியோ கைதி எண்ணோ வரவே கூடாது. தேர்வு விண்ணப்பத்தில் முகவரி எழுதும்போதும் வீட்டு முகவரியைப் போட வழியுண்டா என்று அந்தந்தத் தேர்வுத் துறையிடம் கேட்டுவிடுங்கள்.

நாம் செய்யக் கூடாதவை

"என்ன கேஸ்?" என்று கேட்காதீர்கள். அவர்களே சொன்னால் கேட்டுக்கொண்டு, அங்கேயே விட்டுவிடுங்கள். கடிதம், பணம், மருந்து, செய்தி எதையும் உள்ளிருந்து வெளியேயோ வெளியிலிருந்து உள்ளேயோ கொண்டுபோகாதீர்கள், எவ்வளவு உருக்கமாகக் கேட்டாலும் சரி. உங்கள் தனிப்பட்ட எண்ணைக் கொடுக்காதீர்கள், அமைப்பின் எண்ணைக் கொடுங்கள். வகுப்புப் படங்களை முகம் தெரிய சமூக ஊடகத்தில் போடவே போடாதீர்கள். விசாரணைக் கைதி நாளைக்கு நிரபராதி என்று விடுதலையாகலாம், படம் அப்படியே இருக்கும்.

சிறைக்கென்று "இலவச டேப்லெட்" தருகிறோம் என்று ஏதாவது நிறுவனம் வந்தால், பயன்படுத்துகிறவரிடம் பின்னால் காசு வாங்குவார்களா என்பதை முதலில் படித்துப் பாருங்கள். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாச் சிறைகளில் 2019-ல் இலவச டேப்லெட் என்று கொடுத்துவிட்டு, வெளியே யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய பழைய நூல்களைப் படிக்கவும் நிமிடத்துக்கு இத்தனை என்று வசூலிக்க ஏற்பாடு செய்ததாகச் செய்தி வந்து பெரிய எதிர்ப்பு கிளம்பியது. மெதுவாகப் படிக்கிறவருக்குத்தான் அதில் அதிகச் செலவு. நம் ஊரில் அந்தக் கதவைத் திறக்காமல் இருப்போம்.

பலன் உண்டா என்று நன்கொடையாளர்கள் கேட்பார்கள். அமெரிக்காவின் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2013-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிறையில் கல்வி பெற்றவர்கள் மறுபடி குற்றத்தில் சிக்கும் வாய்ப்பு விகிதம் 43 சதவீதம் குறைவாக இருந்ததாகச் சொன்னது. படிக்க முன்வருகிறவர்கள் இயல்பிலேயே மாற விரும்புகிறவர்களாகவும் இருக்கலாம் என்பதால் இந்த எண்ணை அப்படியே நம் வகுப்புக்குப் பொருத்திப் பெருமை பேசக் கூடாது. யார் வந்தார், எதைச் செய்யக் கற்றார், எந்தத் தேர்வு எழுதினார் என்ற நேர்மையான பதிவேட்டைக் காட்டினாலே போதும்.

விடுதலைக்கு முந்தைய மாதங்கள்

எல்லாப் பாடமும் வந்து சேர வேண்டிய இடம் இதுதான். தண்டனைக் கைதிக்கு விடுதலைத் தேதி முன்கூட்டியே தெரியும். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே ஒருவர் ஒருவராக உட்காரவைத்துப் பாருங்கள்.

முதல் சிக்கல் செல்பேசி எண். 90 நாள் பயன்படாமல் கிடக்கும் சிம் முடக்கப்படலாம், பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போகும். பல வருடம் உள்ளே இருந்தவரின் பழைய எண் நிச்சயமாக அவரிடம் இல்லை. ஆனால் ஆதாரும் வங்கிக் கணக்கும் அந்த எண்ணோடுதான் இன்னும் இணைந்திருக்கும். ஓடிபி யாருக்கோ போகும். ஆதாரில் எண்ணை மாற்ற ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைக்கலாம். அஞ்சல் துறையின் பேமென்ட்ஸ் வங்கி வழியாகத் தபால்காரரே வந்து இதைச் செய்யும் வசதி இருக்கிறது. விடுதலை நெருங்குகிறவர்களுக்கு அப்படி ஒரு முகாமைச் சிறையிலேயே நடத்தக் கண்காணிப்பாளர் மூலம் கேளுங்கள். அப்போது வீட்டில் நம்பகமான ஒருவரின் எண்ணை இணைத்துவைத்தால் வெளியே வந்த அன்றே ஓடிபி கிடைக்கும். நம்பகமானவர் யார் என்பதை அவரே முடிவு செய்யட்டும், நீங்கள் ஊகிக்காதீர்கள். குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில்.

இரண்டாவது வங்கி. இரண்டு வருடம் வரவு செலவு இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும். அடையாள ஆவணங்களைக் கொடுத்தால் மீண்டும் உயிர்ப்பித்துத் தருவார்கள். அந்த விண்ணப்பத்தை உள்ளேயே தட்டச்சு செய்து வைத்துக்கொள்ளலாம், அது ஒரு நல்ல பயிற்சி. மூன்றாவது, அவர் செய்த வேலைகள்: அடித்த கடிதங்கள், அட்டவணைகள், தன்விவரக் குறிப்பு. நிர்வாகத்தின் அனுமதியோடு அவற்றை அச்சாகவும் பென் டிரைவிலும் விடுதலைப் பொருட்களோடு ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

கடைசியாக, ஒரு பக்கத் தாள் ஒன்றைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒவ்வொருவருக்கும் கொடுங்கள். முதல் நாள் சிம் வாங்குவது, இரண்டாம் நாள் ஆதார் மையம், அதன் பிறகு வங்கி, அருகிலுள்ள இ-சேவை மையம், வேலைவாய்ப்புத் தளத்தில் பதிவு, நன்னடத்தை அலுவலர் அலுவலகம், விடுதலையான கைதிகள் உதவிச் சங்கம், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, 1930, உங்கள் அமைப்பின் எண். விசாரணைக் கைதிகளுக்கு இந்தத் தாளை வகுப்புக்கு வந்த முதல் நாளே கொடுத்துவிடுங்கள். இரண்டாம் வகுப்புக்கு அவர் இருப்பாரா என்று தெரியாதல்லவா.